நைட்டிக்குத் தடை, கைலிக்கு?

2018இல் ஆந்திராவின் தோகலப்பள்ளி கிராமத்தில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். பகலில் நைட்டியோடு தெருவுக்கு வந்தால் 2000 ரூபாய் அபராதம்; தகவல் சொல்பவருக்கு 1000 ரூபாய்.

ஆபாசம் என்கிற வாதம் நிற்காதுங்க. நைட்டி, சேலையைவிட அதிகமாகவே உடம்பை மூடும். வீட்டு உடை என்றால், கைலியும் வீட்டு உடைதானே? டீக்கடையில் அதை யார் கேட்கிறார்கள்?

வேட்டி கட்டிய நீதிபதி அரிபரந்தாமனை 2014இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே வருஷம் சட்டமே வந்தது. ஆனா அது வேட்டிக்கும் பாரம்பரிய உடைகளுக்கும்தான். நைட்டி அதில் சேராது.

முகத்துவாரக்குப்பத்தில் தண்ணி பிடிக்க வரும் பெண்கள் நைட்டிமேல் ஒரு துண்டு போட்டுக்கொள்கிறார்கள். கைலி கட்டியவருக்கு அந்தத் துண்டு தேவைப்படுவதில்லை. அபராதம் எழுதாமலே நாமும் அதே கட்டுப்பாட்டைத்தான் வைத்திருக்கிறோம்.