ஈரத்துணி போர்த்திய மாவு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில், ஃபிரிட்ஜ் இல்லாமல் சித்திரை வெயிலில் இட்லி மாவைக் காப்பாற்றுவது ஒரு தனிக் கலை. அகலமான பேசினில் நாலு விரற்கடை தண்ணீர், நடுவே மாவுத் தூக்கு, அதன்மேல் பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டு. நுனிகள் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும்; சூட்சுமமே அதில்தான். நீர் இழை இழையாக மேலேறித் துணி முழுக்கப் பரவி ஆவியாகும். ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதில் ஒரு பங்கைத் தூக்கிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். பாலியஸ்டர் சரிப்படாது, நீரைக் குடிக்காது. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் உத்தமம். மேல்காற்று வறண்டு அடிக்கும் மதியத்தில் தூக்கைத் தொட்டால் விரல் நுனி சிலிர்க்கும். கடற்காற்று புழுக்கத்தோடு வந்தால் பாதிப் பலன்தான்.

மூடியைத் திறந்து காதைக் கொடுத்தால் குமிழிகள் மெல்ல உடைவது கேட்கும். மூக்கில் ஏறாத, இதமான புளிப்பு வாசம். வீட்டிலேயே பீர் காய்ச்சச் சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளிலும் இதே வித்தைதான்: நொதிக்கும் ஜாடியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, பழைய டீசர்ட்டை மாட்டி, ஃபேனைத் திருப்பிவிடுகிறார்கள். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் சூட்டைக் கிளப்பும் என்பதால், 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்த அவர்கள் படும் பாடு பெரிது. நமக்கு மாவு மறுநாள் தோசைக்குத் தாங்கினால் போதும். துணியை மட்டும் தினமும் அலசி வெயிலில் காயப்போடுங்கள். இல்லாவிட்டால் ஊசல் வாடை மாவிலும் ஏறிவிடும்.