நீர் போகட்டும், மண் இருக்கட்டும்

செடி வளர்க்கும் மீன்தொட்டியான பிளான்டட் டேங்க் முன்னால் நிற்கிறவரின் கண் முதலில் மீனைத் தேடும், பிறகு செடிக்குப் போகும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய்வருகிறவர்களுக்குப் பழகிப்போனதும் இந்தப் பார்வைதான். விற்பனைத் தொட்டிக்கு அது போதும். அங்கே இருக்கும் மீனும் செடியும் அடுத்த வாரம் வேறு யார் வீட்டிலோ இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வாழும் வீட்டுத் தொட்டியைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும்: மண், தண்ணீர், அதன்பிறகு செடி, கடைசியில் மீன். தண்ணீர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், மண் கலையாமல் இருக்க வேண்டும். தொட்டியின் அழகு இந்த இரண்டும் எவ்வளவு ஒழுங்காக நடக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

மண்ணைப் படிக்க, முன்கண்ணாடியின் அடியோரமாகப் பாருங்கள். நல்ல தரையில் வேர்கள் வெள்ளை நூலாகக் கண்ணாடியை ஒட்டி இறங்கியிருக்கும். மீன் கழிவும் மக்கிய இலையும் மண்ணின் மேல் பழுப்புப் படலமாகத் தங்கி, பாக்டீரியாவால் சிதைந்து வேருக்கு உணவாகும். கரிய திட்டு தெரிந்தால் அந்த இடத்துக்கு ஆக்சிஜன் எட்டவில்லை என்று பொருள்; கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். திட்டு சின்னதாக இருந்தால் விட்டுவிடலாம், படர்ந்துகொண்டே போனால் கவனிக்க வேண்டும். மண்ணையும் மாதாமாதம் அலசினால்தானே சுத்தம் என்று கேட்பவர்களுக்கு கிரிப்டோகோரைன் என்ற செடி பதில் சொல்லும். இதன் பல வகைகள் இலங்கை ஓடைகளில் வளர்பவை. வேரை அசைத்துவிட்டால் சில நாளிலேயே இலையெல்லாம் கூழாகிக் கரைந்துவிடும்; மண்ணுக்குள் தண்டு பிழைத்திருந்தால்தான் மறுபடி துளிர்க்கும். அதனால் செடி உள்ள இடத்தில் கழிவை உறிஞ்சும் சைஃபன் குழாய் மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலேயே நகர வேண்டும். செடியில்லாத மணல்பரப்பில் மட்டும் உள்ளே இறங்கலாம். கிழங்காக விற்கும் அபோனோகெட்டானும் இப்படித்தான். மூதுரையில் ஔவையார் சொல்லும் கொட்டி இதே இனம். ஏரி வற்றினால் இலை காய்ந்து, சேற்றுக்குள் கிழங்காகக் கிடந்து, மழைக்கு முளைக்கும். தொட்டியிலும் இவற்றில் சில வகைகள் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். அதைச் செத்த செடி என்று பிடுங்கி எறிபவர்களே அதிகம்.

தண்ணீரின் கதையைச் சொல்வது கண்ணாடியின் மேல்விளிம்பு. அங்கே வெள்ளைக் கோடு படிந்திருந்தால், நம் பக்கத்து போர் தண்ணீர் வாளியிலும் ஷவரிலும் விட்டுச்செல்லும் அதே உப்புதான் அது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டே வந்தால், தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான தண்ணீர் ஊற்றி முடிக்கும்போது உப்பு இரட்டிப்பாகியிருக்கும். நைட்ரேட்டும் இப்படியே சேரும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் சேர்வதாக வைத்து, செடி உறிஞ்சுவதைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போடுங்கள். வாராவாரம் கால்பங்கு மாற்றினால் 40-ஐத் தாண்டாது, பாதி மாற்றினால் 20-ஐத் தாண்டாது. மாற்றாமலே விட்டால் பத்து வாரத்தில் 100. வாராவாரம் அளவாக மாற்றுவது ஏன் வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். மாதம் ஒருமுறை மொத்தமாகக் கழுவி ஊற்றும்போது வரும் திடீர் அதிர்ச்சியும் மீனுக்கு இருக்காது. மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் அநேகமாக இருக்காது, அதனால் போர் தண்ணீரோடு கலந்தே பயன்படும்.

தண்ணீர் மாற்றிய சில மணி நேரம்தான் ரசிகனின் நேரம். எங்கும் குமிழி தெரியும், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. கண்ணாடியிலும் கட்டையிலும்கூடச் சீராக ஒட்டியிருப்பவை, புதுத் தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் வந்தவை, அசைத்தால் போய்விடும். இலை நுனியிலிருந்தோ வெட்டிய தண்டிலிருந்தோ ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி மேலே போகும் சரம்தான் செடி தயாரித்த ஆக்சிஜன். வெட்டாத இலையில் அது கண்ணுக்குத் தெரிவது, பெரும்பாலும் தண்ணீர் ஆக்சிஜனை இனி வாங்கிக்கொள்ள முடியாத அளவுக்கு நிறைந்த பிறகே. 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5 தான். சித்திரை வெயிலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பதற்கும் இதுவே காரணம்.

தண்ணீரே மாற்றாமல் நன்றாக ஓடும் தொட்டிகள் உண்டே என்பார்கள். உண்மை. டயானா வால்ஸ்டாட் 1999-இல் எழுதிய நூல் அந்த வழியைப் பரப்பியது: அடியில் சாதாரண மண், நெருக்கமாகச் செடி, குறைவாக மீன். அந்த முறையிலும் கலைக்காமல் விட்ட மண்ணே ஆதாரம். நைட்ரேட்டைச் செடி தின்றுவிடும், ஆனால் கடின நீரின் உப்பைத் தின்னாது; இங்கே நாள்தோறும் ஆவியாகும் தொட்டிக்கு அந்த வழி முழுதாகப் பொருந்தாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்ட ஊரில் வாராவாரம் தண்ணீர் மாற்றுவது வீண்செலவு இல்லையா என்ற கேள்வியும் நியாயமானது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 56 லிட்டர். கால்பங்கு என்றால் ஒரு வாளி. நைட்ரேட் கலந்த அந்த வாளித் தண்ணீர் மாடித் தோட்டத்துக்கு உரம். உப்பு அதிகமான தொட்டி என்றால் ஒரே சாடியில் ஊற்றாமல் பிரித்து ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நீர் மாற, மண் நிலைக்க வேண்டும் என்பதற்கு அம்பத்தூர் ஏரியே பெரிய சான்று. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பழைய நீர் வழிந்து கொரட்டூர்ப் பக்கம் போகும், புதுநீர் நிறையும், வண்டல் தரையில் இருக்கும். கழிவு வந்து சேர்ந்து, நீர் மாறாமல் நிற்கும் ஏரிகளை ஆகாயத்தாமரை மூடுகிறது. தொட்டியில் அந்த இடத்தைப் பாசி பிடிக்கிறது. ஆகவே அடுத்த முறை யார் வீட்டிலாவது அழகான தொட்டியைப் பார்த்தால், விளக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள். மண்ணைக் கிளறி எவ்வளவு காலமாயிற்று, தண்ணீர் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். முதல் பதில் ஆண்டிலும் இரண்டாவது நாளிலும் வந்தால், அந்தத் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்காரலாம்.