ஒரு விண்மீனின் சுயார்ஜிதம்

ஆர் ஆந்திரோமீடா என்ற சிவந்த பெருவிண்மீனின் ஒளியை நிறமாலையாக விரித்தால் முதலில் கண்ணைப் பறிப்பவை சிர்கோனியம் ஆக்சைடின் அகன்ற கரும்பட்டைகள். எஸ் வகை விண்மீன்களுக்கு அவையே அடையாளம். அவற்றைத் தாண்டி நீலமும் ஊதாவும் கலக்கும் பக்கம் வாருங்கள். 423.8, 426.2, 429.7 நானோமீட்டர் அலைநீளங்களில் மூன்று மெல்லிய கோடுகள் தெரியும். அவை டெக்னீசியத்தின் கோடுகள்.

எவ்வளவு துணிச்சலான கோடுகள்! அணு எண் 43 கொண்ட இந்தத் தனிமத்துக்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூடக் கிடையாது. பெர்க்லி சைக்ளோட்ரானில் அடிபட்ட மாலிப்டினத் தகட்டிலிருந்துதான் 1937இல் பலேர்மோவில் பெரியரும் செக்ரேயும் அதைப் பிரித்தறிந்தார்கள். மிக நீண்ட ஆயுளுள்ள ஐசோடோப்புக்கே அரை ஆயுள் சுமார் 42 லட்சம் ஆண்டுதான். விண்மீனின் வயதோ பல கோடி ஆண்டு. பிறக்கும்போது இருந்த டெக்னீசியம் என்றோ கரைந்துபோயிருக்கும். இன்று தெரிவது அண்மையில் உள்ளேயே விளைந்தது. 1952இல் மவுன்ட் வில்சனில் பணியாற்றிய பால் மெரில் இக்கோடுகளை அறிவித்தபோது, விண்மீன்கள் தனிமங்களை ஆக்குகின்றன என்பதற்குக் கண்கூடான சாட்சி கிடைத்தது.

விளையும் விதம் இன்னும் நயமானது. மையத்தைச் சுற்றிய ஹீலிய அடுக்கில் கார்பன்-13 அணுக்கரு ஹீலியத்தோடு மோதி ஒரு நியூட்ரானை விடுகிறது. அதை இரும்பு போன்ற அணுக்கருக்கள் நிதானமாக, ஒவ்வொன்றாக விழுங்குகின்றன. விழுங்கியது நிலைகொள்ளாவிட்டால் ஒரு எலெக்ட்ரானை உமிழ்ந்து அடுத்த தனிமமாகிறது. இப்படியே ஏறி மாலிப்டினம்-98 ஒரு நியூட்ரானை ஏற்று மாலிப்டினம்-99 ஆகி, சில நாளில் டெக்னீசியம்-99 ஆகிறது. அதன் அரை ஆயுள் 2.1 லட்சம் ஆண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் உள்ளிருக்கும் வெப்பச்சலனம் அதை மேற்பரப்புக்கு அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது.

விண்மீனின் வளிமண்டலத்தில் உள்ள இரும்பு பிதுரார்ஜிதம். பிறந்த மேகம் தந்தது. டெக்னீசியம் சுயார்ஜிதம். சில எஸ் வகை விண்மீன்களில் சிர்கோனியம் நிறைந்திருக்கும், டெக்னீசியம் மட்டும் இருக்காது. அவற்றின் செல்வம் தானமாக வந்தது: இன்று வெண்குறுமீனாகச் சுருங்கிவிட்ட துணை விண்மீன் முன்பு கொட்டிக்கொடுத்தது. கொடுத்தவற்றில் சிர்கோனியம் தங்கிவிட்டது, டெக்னீசியம் அழிந்துவிட்டது. உழைத்துச் சேர்த்தது எது, வாங்கி வைத்தது எது என்று பிரித்துச் சொல்ல இந்த மூன்று கோடுகள் போதும்.