களப்பலி யாருக்காக?

கல்வராயன் மலையிலே பிறந்து கோமுகி ஆறு இறங்கிவரும் கள்ளக்குறிச்சிச் சீமையில், திரௌபதையம்மன் திருவிழா என்றால் பகலிலே பாரதச் சொற்பொழிவு, இரவிலே தெருக்கூத்து. வில்லிபாரதம் படித்துப் பொருள் விரிப்போருக்குப் பகல். கட்டை கட்டி, அரிதாரம் பூசி, முகவீணையும் மத்தளமும் முழங்க விடியவிடிய ஆடுவோருக்கு இரவு. கதை ஒன்றுதான். ஆயினும் ஏடு சொல்லாததைக் கூத்து சொல்லிற்று. அதற்கு 'அரவான் களப்பலி' ஒன்றே போதிய சான்று.

"கூத்தா? மூடநம்பிக்கையின் மூட்டையன்றோ அது!" என்று ஒதுக்கும் இளைஞர் நம்மிடையே உண்டு. ஒதுக்குமுன் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது அறிவுடைமை.

வடமொழிப் பாரதத்தில் அரவான் போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்னும் அரக்கனால் வீழ்கிறான். அங்கே பலியில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேதான் அவன் களப்பலியாகிறான். திருமுனைப்பாடி நாட்டு வில்லிபுத்தூராரும் அவ்வழியே சென்றார். நாட்டார் மரபு மேலும் ஓரடி வைத்தது. மணமாகாமல் சாக அரவானுக்கு மனமில்லை. மறுநாளே தாலியறுக்க எந்தப் பெண் இசைவாள்? கண்ணனே மோகினியாகி மணக்கிறான். விடிந்ததும் கைம்பெண்ணாகிக் கதறுகிறான்.

புலவர்கள் பலியைப் பாடினர். மக்களோ அந்தப் பலிக்கு ஓர் அழுகுரலைச் சேர்த்தனர். எத்துணை நுட்பமான திருத்தம்! பலி கேட்டவனையே தாலியறுக்க வைத்தது நாட்டுப்புறக் கற்பனை. இது மூடத்தனமா? அல்ல, இது முணுமுணுப்பு. உரக்கப் பேச உரிமையற்றவர்களின் முணுமுணுப்பு.

ஆனால் முணுமுணுப்போடு நின்றுவிட்டதே, அதுதான் கூத்தின் குறை. முப்பத்திரண்டு இலக்கணமும் பொருந்தியோர் மூவர் என்கிறது கதை: கண்ணன், அருச்சுனன், அரவான். கண்ணன் போனால் சூழ்ச்சிக்கு ஆளில்லை. அருச்சுனன் போனால் வில்லுக்கு ஆளில்லை. எஞ்சியவன் நாககன்னியின் மகன், அரண்மனையில் வளராதவன். அரியணை யாருக்கோ, அரிவாள் இவனுக்கு!

கூத்திலே கட்டியங்காரன் என்றொருவன் இருக்கிறான். திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும் வேந்தனையே, "நீ யார்? எந்த ஊர்?" என்று வினவி அவையைச் சிரிக்க வைக்கும் துணிவுடையவன். அவன் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் இவன்?" என்பதன்றோ! அந்தக் கேள்வி எழுமுன்னே அரவான் தெய்வமாகிவிடுகிறான். கற்பூரம் ஏற்றியபின் கேள்விக்கு இடமேது? கொன்றவர் குற்றம் கும்பிட்டதால் மறைந்தது.

இது கதையோடு முடிந்ததா? உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள கூவாகத்திலே, சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் திரண்டு வந்து அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அறுத்து, வெள்ளை உடுத்தி அழுகின்றனர். அந்நாளில் அவர்களைக் காணக் கூட்டம் அலைமோதுகிறது. விழா முடிந்தபின் அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர எத்தனை பேர் முன்வருகின்றனர்? தமிழ்நாட்டிலே 2008இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்களின் பாலின உரிமையை ஏற்றது. அந்த உரிமைகளைத் தந்தது கோவில் மணி அன்று, சட்டமும் போராட்டமுமே.

மேற்கே நிமிர்ந்து நிற்கும் கல்வராயன் மலையோ, நாடு விடுதலை பெற்ற பின்னும் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. நாககன்னியின் மகனை இந்த மண்ணின் மக்கள் ஏன் தம்மவனாகக் கொண்டனர் என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

ஆகவே தோழர்களே, கூத்தை எரிக்கவும் வேண்டாம், அப்படியே ஏத்தவும் வேண்டாம். கருவி பழையதாயினும் கூர் மழுங்கியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைக் கூத்துக் கலைஞர்கள் செருமானிய நாடகாசிரியர் பிரெக்ட்டின் நாடகத்தையே தெருக்கூத்தாக ஆடிக் காட்டினர். அன்னியன் கதைக்கு இடங்கொடுத்த களரி, நம் கேள்விக்கு இடங்கொடாதா?

அரவான் களப்பலியை மீண்டும் எழுதுங்கள். ஆட்டம் அதுவே, அடவு அதுவே, பாட்டின் மெட்டும் அதுவே இருக்கட்டும். கத்தி ஓங்கும் வேளையில் கட்டியங்காரன் மட்டும் குறுக்கே வந்து கேட்கட்டும்: "இந்தப் போர் யாருக்கு? இந்தத் தலை ஏன்?"