குறுக்கே மாற்றும் எண்கள்

அலுமினியத்தின் இணைதிறன் 3, ஆக்சிஜனின் இணைதிறன் 2. மூன்றை ஆக்சிஜனின் அடியிலும் இரண்டை அலுமினியத்தின் அடியிலும் மாற்றிப் போட்டால் அலுமினியம் ஆக்சைடின் வாய்ப்பாடு வந்துவிடும். அயனிச் சேர்மங்களின் வாய்ப்பாட்டை எழுதப் பள்ளிகளில் பரவலாகக் கற்றுத்தரப்படும் முறை இது. விடையை விரைவாகத் தரும் இம்முறை, அந்த விடை ஏன் சரி என்பதை மறைத்துவிடுகிறது.

முதலில் அதன் வலிமையைச் சொல்ல வேண்டும். வேதியியலைக் கண்டு மிரளும் மாணவருக்கும் இது உடனே கைவரும். பத்து நேர் அயனிகள், பத்து எதிர் அயனிகளின் மின்சுமை தெரிந்தால் போதும், நூறு வாய்ப்பாடுகளை மனப்பாடமின்றி எழுதிவிடலாம். சல்பேட்டு போன்ற கூட்டயனிகளையும் அடைப்புக்குறிக்குள் வைத்து எளிதாகக் கையாளலாம். தேர்வறையில் இந்த வேகம் சிறிய உதவியன்று.

சிக்கல் மெக்னீசியம் ஆக்சைடிலேயே தொடங்குகிறது. குறுக்கே மாற்றினால் 2, 2 என்று வரும். உடனே “பொது எண்ணால் வகுத்துச் சுருக்கு” என்று இரண்டாவது விதியைச் சேர்க்கிறோம். அதே விதியைச் சோடியம் பெராக்சைடில் செலுத்தினால் தவறு நேரும். அங்கே இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்து, இரண்டு எதிர்மின்சுமை கொண்ட ஒரே அயனியாக நிற்கின்றன. இரண்டு சோடியம், இரண்டு ஆக்சிஜன் என்பதை ஒன்றுக்கு ஒன்றாகச் சுருக்கினால் அந்த அயனியே சிதைந்துபோகும். காந்தக்கல்லான மாக்னடைட்டில் மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன். இரும்புக்கு ஒரே இணைதிறனை வைத்துக்கொண்டு எப்படி மாற்றிப் போட்டாலும் இது கிடைக்காது. 2+ மின்சுமையுள்ள ஓர் இரும்பும் 3+ மின்சுமையுள்ள இரண்டு இரும்பும் சேர்ந்து எட்டு நேர்மின்சுமையைத் தர, நான்கு ஆக்சைடு அயனிகள் அதைச் சமன்செய்கின்றன.

பெயரிடுதலிலும் உலோகத்தின் மின்சுமை எது என்ற இதே கேள்விதான். ‘பெரஸ்’ என்றால் 2+, ‘குப்ரஸ்’ என்றால் 1+. விகுதி ஒன்றாயினும் எண் வேறு. குறைந்த மின்சுமை என்பதை மட்டுமே அது சொல்லும். 1919இல் ஆல்ஃபிரட் ஸ்டாக் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த முறைப்படி உலோகத்தின் பெயரையடுத்து ரோமன் எண்ணை எழுதினால், மின்சுமை பெயரிலேயே தெரிந்துவிடும். அன்னபேதியை வெறுமனே ‘இரும்பு சல்பேட்டு’ என்றால் வாய்ப்பாட்டை ஊகிக்கத்தான் வேண்டும். ரோமன் இரண்டைச் சேர்த்தால் ஊகத்துக்கு இடமில்லை.

இன்னும் ஆழமான குறை ஒன்று உண்டு. இரண்டு அணுக்கள் கைகோத்து ஒரு மூலக்கூறாக நிற்கின்றன என்ற தோற்றத்தை எண்மாற்றம் வளர்க்கிறது. உப்புப் படிகத்தில் அப்படி இணை எதுவும் இல்லை, ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்துள்ளன என்று 1913இல் லாரன்ஸ் பிராக் எக்ஸ்கதிர் ஆய்வில் காட்டினார். தேர்ந்த வேதியியலரான ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங், 1927இல்கூட ‘நேச்சர்’ இதழில் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அறிஞரிடமே அவ்வளவு ஊன்றியிருந்த எண்ணம் மாணவர் மனத்தில் தானாக விலகிவிடாது. வாய்ப்பாடு சொல்வது அயனிகளின் விகிதத்தையே என்று வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும்.

மாற்றுவழி ஆரம்பக் கணக்கிலேயே இருக்கிறது: மீச்சிறு பொது மடங்கு. 3, 2 ஆகியவற்றின் மீ.பொ.ம. 6. ஆறு நேர்மின்சுமைக்கு இரண்டு அலுமினியம், ஆறு எதிர்மின்சுமைக்கு மூன்று ஆக்சைடு. மெக்னீசியம் ஆக்சைடுக்கு மீ.பொ.ம. 2 என்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்று போதும். சுருக்கும் விதியே தேவைப்படாததால் பெராக்சைடும் தப்பிவிடும். இவ்வழி சற்று நேரம் எடுக்கும் என்பது உண்மை. சேர்மம் மெய்யாகவே உருவாகுமா என்பதை இதனாலும் சொல்ல முடியாது. 2+ தாமிர அயனிக்கும் அயோடைடுக்கும் தாளில் வாய்ப்பாடு எழுதலாம். கரைசலில் கலந்தால் 1+ தாமிரத்தின் அயோடைடும் அயோடினுமே கிடைக்கும்.

ஆகவே குறுக்கு மாற்றத்தைக் கைவிட வேண்டியதில்லை. மின்சுமைகளைச் சமன்செய்யப் பழகிய பிறகு குறுக்குவழியாக அதைத் தரலாம். வினாத்தாளும் வாய்ப்பாட்டோடு நிற்காமல், அதன் மொத்த மின்சுமை பூச்சியம் என்று காட்டச் சொல்லி அதற்கும் ஒரு மதிப்பெண் தர வேண்டும். வகுப்பறையில் காரணத்துக்கு இடம் கிடைக்க அந்த ஒரு மதிப்பெண்ணே நல்ல தொடக்கம்.