பூக்கடைக்காரி லில்லியின் காதல்

கொலீன் ஹூவரின் ‘இட் எண்ட்ஸ் வித் அஸ்’ (2016) நாவலில் முதல் அடி விழும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஓவனிலிருந்து பாத்திரத்தை எடுக்கும்போது லில்லியின் காதலன் ரைலுக்குக் கை சுட்டுவிடுகிறது. பாத்திரம் நழுவி விழுகிறது. ஒயின் குடித்திருந்த லில்லி சிரிக்கிறாள். மறுநொடி தரையில் கிடக்கிறாள். ரைல் மூளை அறுவை மருத்துவன். கைதான் அவன் பிழைப்பு. அந்தப் பதற்றம், உடனே மன்னிப்பு, கெஞ்சல். ‘பாவம், ஏதோ வேகத்தில் கை நீட்டிவிட்டான்’ என்று படிக்கிற நமக்கே தோன்றிவிடுகிறது.

ஹூவரின் பெரிய பலம் இதுதான். அதுவரை ரைலை நாம் விரும்பும்படி எழுதிவிட்டு, நம்மையே அவனுக்காக வாதாட வைக்கிறார். லில்லியோ, மேயரான அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அம்மா ஏன் விட்டுப் போகவில்லை என்று கோபப்பட்டவள். அவளும் அம்மா போட்ட கணக்கையே போடுகிறாள். ‘அவள் ஏன் சகித்துக்கொண்டாள்?’ என்று வெளியே நின்று கேட்பவர்கள் இந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும். கணவனை விட்டு வெளியேறிய தன் தாயை நினைத்து எழுதியதாக ஆசிரியரே சொல்கிறார். அந்த உண்மை இங்கே தெரிகிறது.

வெளியேறும் வழியைத்தான் அவர் மிகச் சுலபமாக்கிவிட்டார். லில்லிக்குச் சொந்தப் பூக்கடை இருக்கிறது. பின்னர் கணவனாகிவிடும் ரைலின் தங்கையே அவள் பக்கம் நிற்கிறாள். ஓடிப்போய்த் தங்கப் பழைய காதலன் அட்லஸின் வீடு இருக்கிறது. வீடில்லாத பையனாக இருந்தபோது லில்லி சோறு போட்ட அட்லஸ், இப்போது பாஸ்டனில் உணவக முதலாளி. குறை என்று ஒன்றுகூட இல்லாதவன். கெட்டவன் போனால் நல்லவன் தயாராக நிற்கிறான் என்றாகும்போது லில்லியின் துணிச்சல் சிறுத்துப்போகிறது. சிறுவயதில் தவறுதலாக அண்ணனைச் சுட்டுவிட்டான் என்று ரைலுக்குத் தந்திருக்கும் முன்கதையும் அவனைப் பாதி விடுவித்துவிடுகிறது. பிரிந்தபின் கைக்குழந்தையை அவனிடம் விட்டுவரும் தாய்க்கு வயிறு கலங்காதா? அந்தப் பயத்துக்கு நாவல் போதிய இடம் தரவில்லை.

இதைக் காதல் கதையாக விற்றதன் விளைவு, 2023-இல் இதையொட்டி வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்று அறிவிக்கப்பட்டதுதான். வாசகர்கள் கொதித்த பிறகு கைவிடப்பட்டது.

நாவலின் இறுதியில், பிரசவ அறையில், நம் மகளை நாளை ஒருவன் அடித்தால் அவளுக்கு என்ன சொல்வாய் என்று லில்லி ரைலிடம் கேட்கிறாள். அவனை விட்டு வந்துவிடு என்பதைத் தவிர அவனிடம் வேறு பதில் இல்லை. நாவல் அந்த அறையிலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அட்லஸ் வரும் பக்கங்கள் தேவையில்லை.