சூடான கிழங்கு, வாடாத தழை

துருக்கியப் பெண்களிடையே 'அல்தன் குனு' என்றொரு மாதாந்திரக் கூடல் உண்டு. மாதம் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த மாதத்து வீட்டுக்காரிக்கு ஆளுக்கொரு கால் தங்கக் காசு கொடுப்பார்கள். நம்மூர்ச் சீட்டுதான், பணத்துக்குப் பதில் பொன். தேநீரோடு வரும் தட்டில் பொரெக் என்ற மாவுப் பண்டம், உடைத்த கோதுமையில் செய்த கிசிர், ஒரு துண்டு கேக் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். நடுவில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட். பத்துப் பேருக்கு, குறைந்த செலவில், முந்தைய இரவே கலந்து வைத்துவிடலாம் என்பதால்தான் அதற்கு அந்தத் தட்டில் நிரந்தர இடம். அந்தச் சாலட்டுக்கு வரும் கெடுதலில் பாதி அந்த 'முந்தைய இரவில்'தான் நடக்கிறது.

பதாதெஸ் சலாதாசி என்று துருக்கியர் சொல்லும் இந்தப் பண்டத்தில் மயோனைஸ் கிடையாது. வேகவைத்த கிழங்கு, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சைச்சாறு, வெங்காயத்தாள், பார்ஸ்லி, சதகுப்பைத் தழை, விரும்பினால் புதினா. மேலே புளிப்பான சுமாக் தூளும் 'புல் பிபெர்' என்ற கொரகொரப்பான மிளகாய்த்தூளும். (சதகுப்பைத் தழை வேறொன்றுமில்லை, கர்நாடகத்தில் சப்சிகே என்று கட்டுக்கட்டாக விற்கும் கீரைதான்.) மயோனைஸ் போட்ட கிழங்கு சாலட்டும் துருக்கியில் உண்டு. அதை ரஷ்ய சாலட் என்பார்கள். பனிப்போர்க் காலத்தில் அதையே அமெரிக்க சாலட் என்றும் அழைக்கத் தொடங்கினார்கள். அது வேறு கதை.

உருளைக்கிழங்கு ஒட்டோமான் நிலங்களில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே இந்தச் சாலட்டுக்குப் பெரிய பழமை இல்லை. ஆனால் அது உட்கார்ந்த இடம் பழையது. வெந்த வெள்ளை பீன்ஸை வெங்காயம், பார்ஸ்லி, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், சுமாக் சேர்த்துக் கலக்கும் 'பியாஸ்' அங்கே ஏற்கெனவே இருந்தது. பீன்ஸின் இடத்தில் கிழங்கை வைத்தால் இந்தச் சாலட். சில வீடுகளில் இன்றும் இதைக் கிழங்கு பியாஸ் என்றே சொல்கிறார்கள். புது விளைச்சலுக்கென்று புதுச் சமையலைத் தேடாமல், கைக்குப் பழகிய பக்குவத்துக்குள் அதை இழுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்குவத்தின் பலமும் குறையும் சேர்ந்தே இதற்கு வந்துவிட்டன.

முதலில் பலம். நல்ல கைப்பழக்கம் உள்ளவர்கள் கிழங்கைத் தோலோடு வேகவைக்கிறார்கள். வெட்டி வேகவைத்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். பிறகு ஊற்றும் எலுமிச்சைச்சாறுக்கும் எண்ணெய்க்கும் இடமிருக்காது. தோலோடு வெந்ததை, விரல் சுடச்சுட உரித்து, பெருவிரல் நகம் அளவுத் துண்டுகளாக வெட்டி, ஆவி அடங்கும் முன்பே உப்பும் எலுமிச்சைச்சாறும் விடுகிறார்கள். எண்ணெய் அதற்குப் பிறகு. வெந்த கிழங்கு ஆற ஆற அதன் மாவுச்சத்து இறுகும். இறுகிய பிறகு விடும் சாறு மேலேயே வழுக்கி நின்றுவிடும். சூட்டில் விட்டதோ உள்ளே இறங்கும். கிளறும்போது துண்டுகளின் ஓரங்கள் கொஞ்சம் மசிந்து, அந்த மாவு எண்ணெயோடும் சாறோடும் கூடி, கிண்ணத்தின் அடியில் வெளிர்மஞ்சளாக ஒரு குழம்பு சேரும். மயோனைஸ் செய்ய வேண்டிய வேலையை முட்டையே இல்லாமல் கிழங்கு தானே செய்துவிடுகிறது. தென்ஜெர்மனியில் சூடான கிழங்கில் இறைச்சிச் சாறும் வினிகரும் விட்டுச் செய்யும் ஸ்வாபியச் சாலட்டிலும் இதே தந்திரம்தான்.

இரண்டாவது பலம், தழையின் அளவு. பார்ஸ்லி இங்கே தட்டின் ஓரத்தில் வைக்கும் அலங்காரம் அல்ல. ஒரு கிலோ கிழங்குக்கு அரைக்கட்டு பார்ஸ்லி, அரைக்கட்டு சதகுப்பை, நான்கைந்து வெங்காயத்தாள் என்று கணிசமாகவே போகிறது. கிழங்குக்குத் தனியே சொல்லிக்கொள்ளும்படி வாசம் கிடையாது. அந்த வெறுமையில் சதகுப்பையின் சோம்பு கலந்த காரமும் பார்ஸ்லியின் லேசான கசப்பும் எடுபடுகின்றன. நூறு கிராம் பார்ஸ்லியில் 130 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி இருக்கிறது. சிட்டிகையாகத் தூவினால் இந்தக் கணக்குக்குப் பொருளில்லை, அரைக்கட்டாகப் போட்டால் உண்டு. அதே பார்ஸ்லியில் வைட்டமின் கே மிக அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று ஒருநாள் இந்தச் சாலட்டைக் கிண்ணம் நிறையச் சாப்பிடுவது நல்லதல்ல.

வெங்காயத்தாளுக்குப் பதில் சிவப்பு வெங்காயம் போடுகிறவர்கள் செய்யும் ஒரு வேலை தனியே பாராட்டத் தக்கது. மெல்லிய பிறைகளாக அரிந்த வெங்காயத்தில் உப்பையும் சுமாக்கையும் போட்டு விரல்களால் பிசைவார்கள். இரண்டு நிமிடத்தில் வெங்காயம் துவண்டு, ஓரமெல்லாம் ஊதாச் சிவப்பாகி, கண்ணைக் கரிக்கும் காட்டம் போய்விடும். சுமாக்கின் புளிப்பு மாலிக் அமிலத்திலிருந்து வருவது. அது தூளாகச் சேர்வதால் சாலட்டில் ஈரம் கூடாது. கடையில் வாங்கும் சுமாக்கில் உப்பு கலந்தே வருவது சகஜம் என்பதால், அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிழங்குக்கு உப்பு போட வேண்டும்.

இனிக் குறைக்கு வரலாம். கிழங்குக்குச் சூடு வேண்டும், தழைக்குச் சூடு ஆகாது. இந்த ஒரு முரணைப் பெரும்பாலான சமையல் குறிப்புகள் கண்டுகொள்வதே இல்லை. 'எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கலக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரியை நம்பிச் செய்தால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியத்தை அமிலம் பிடுங்கி எறிகிறது. சூடு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. சூடான கிழங்கில், எலுமிச்சைச்சாறு நடுவே விழுந்த பார்ஸ்லி கொஞ்ச நேரத்தில் பளிச்சென்ற பச்சையை இழந்து, ஊறுகாய் ஆலிவின் மங்கல் நிறத்துக்கு வந்துவிடும். உப்பு அதன் ஈரத்தை இழுத்துத் துவளவைக்கும். சதகுப்பையின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்து மறுநாள் மதியம் தட்டுக்கு வரும்போது, தழை இருந்த இடத்தில் தழையின் நினைவு மட்டும் இருக்கிறது. விருந்தினர் யாரும் குறை சொல்வதில்லை. சொல்லவும் மாட்டார்கள், அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் கூட்டம்.

தீர்வு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வேலையை இரண்டாகப் பிரித்தால் போதும். கிழங்கு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய் ஆகியவற்றை முந்தைய இரவே முடித்துவிடலாம். தழைகளைக் கழுவி, துணியில் நன்றாக ஈரம் ஒற்றி, நறுக்காமல் வைத்துவிட்டு, பரிமாறுவதற்குச் சற்று முன் நறுக்கிச் சேர்க்கலாம். ஈரத்தோடு நறுக்கினால் கத்திக்கடியில் நசுங்கிக் கூழாகும். இப்படிப் பிரித்துச் செய்வதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வேகவைத்த கிழங்கைக் குளிரவைத்து, வினிகரும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் கணிசமாகக் குறைவதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார்கள். அப்போதே வெந்த சூடான கிழங்கோடு ஒப்பிட்டால் கிளைசெமிக் குறியீடு 40 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. சோதித்தது சிறு குழுவில், அதுவும் ஆரோக்கியமானவர்களிடம், எலுமிச்சையில் அல்ல வினிகரில். அதை மறந்துவிட்டு நீரிழிவுக்காரர்களுக்கு இந்தச் சாலட்டை மருந்துபோலப் பரிந்துரைப்பது அத்துமீறல். கிழங்கை இரவு முழுக்கக் குளிரவைப்பதில் கெடுதல் இல்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சாலட்டைப் பற்றி 'லேசான உணவு' என்று சொல்லப்படுவதும் அப்படித்தான். மயோனைஸ் இல்லை என்பதை வைத்து எழுந்த பெயர் அது. ஒரு கிலோ வெந்த கிழங்கில் ஏறத்தாழ 860 கலோரி. ஆறு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் 720. ஆக, கிண்ணத்தின் ஆற்றலில் கிட்டத்தட்ட பாதி எண்ணெயிலிருந்து வருகிறது. ஆய்வாலிக், எத்ரெமித் பக்கத்து நல்ல எண்ணெய் என்றால் அந்தப் பாதிக்கு ருசியாவது உண்டு. வாசமற்ற சூரியகாந்தி எண்ணெயை ஊற்றிவிட்டு லேசான உணவு என்பதில் அதுவும் இல்லை.

மயோனைஸ் இல்லாததால் கெட்டுப்போகாது என்ற நம்பிக்கை இன்னும் மோசமானது. வெந்த கிழங்கே நுண்ணுயிர்களுக்கு நல்ல மேடை. 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில் ஒரு கிரேக்க உணவகத்தில் சாப்பிட்ட 30 பேர் பொட்டுலிசம் நஞ்சுக்கு ஆளானார்கள். அலுமினியத் தாளில் சுற்றிச் சுட்ட கிழங்குகளை அறைவெப்பத்தில் நாள்கணக்கில் விட்டுவிட்டு, பிறகு அவற்றை மசித்து ஸ்கொர்தாலியா என்ற தொக்கு செய்ததுதான் காரணம். அதில் பால் பொருளோ முட்டையோ குற்றவாளி இல்லை, கிழங்கும் காற்றில்லாத சுற்றலும்தான். துருக்கியச் சாலட்டில் தாள் சுற்றல் இல்லை, எலுமிச்சையின் அமிலமும் துணைக்கு இருக்கிறது. ஆனாலும் வெயில் காலத்தில் மேசைமேல் மதியம் முழுக்கத் திறந்து கிடக்க அதற்குத் தகுதி இல்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு பரிமாறினாலும் ருசி இருக்காது, ஆலிவ் எண்ணெய் உறைந்து நாக்கில் மெழுகாக ஒட்டும். அரைமணி நேரம் வெளியே வைத்து எண்ணெய் இளகியதும் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

கிழங்கின் வகையைப் பற்றிக் குறிப்புகள் வாயே திறப்பதில்லை என்பது விசித்திரம். நிய்தே, நெவ்ஷெகிர் வட்டாரங்கள் துருக்கியின் பெரிய கிழங்குப் பூமி. அந்த வட்டாரங்கள் அடங்கிய கப்படோக்கியாவின் மென்மையான எரிமலைப் பாறையைக் குடைந்த கிடங்குகளில், மின்சாரக் குளிரூட்டல் இல்லாமலே, மாதக்கணக்கில் கிழங்கைச் சேமிக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் காய்கறி விலை ஏறியபோது இஸ்தான்புல்லிலும் அங்காராவிலும் அரசு கூடாரம் போட்டு மலிவு விலையில் விற்ற பண்டங்களில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் முன்வரிசை. இவ்வளவு அக்கறையாகச் சேமித்து, இவ்வளவு அரசியலாகும் பண்டத்தில், மாவுத்தன்மை மிகுந்தது எது, இறுக்கமானது எது என்று சமையல் குறிப்பு சொல்ல வேண்டாமா? மாவுக் கிழங்கு என்றால் இரண்டு கிளறலில் களியாகிவிடும். இறுக்கமானது வடிவம் குலையாமல் நிற்கும். கையில் கிடைத்தது மாவுக் கிழங்குதான் என்றால், வேகும் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் விட்டால் துண்டுகள் ஓரளவு கட்டுக்கோப்பாக இருக்கும்.

கடைசியாக, சேர்மானப் பேராசை. சீரகம், ஊறுகாய் வெள்ளரி, கறுப்பு ஆலிவ், வேகவைத்த முட்டை, இனிப்புச் சோளம், மாதுளைப் பாகு என்று வீட்டுக்கு வீடு பட்டியல் நீள்கிறது. தெற்கே உர்ஃபாவின் கருஞ்சிவப்பு இசோத் மிளகாயோடு மாதுளைப் பாகு சேர்த்தால் அது தனி ருசி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே தழையைக் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நிறையத் தழையையும் மாதுளைப் பாகையும் ஒரே கிண்ணத்தில் கொட்டும்போதுதான் கெடுகிறது. அதிலும் கடைகளில் மாதுளைப் பாகு என்ற பாவனையில் விற்கும் சாஸ் பலவும் குளுக்கோஸ் பாகும் சிட்ரிக் அமிலமும் வாசனையும்தான். அந்த ஒட்டும் இனிப்புக்குக் கீழே சதகுப்பை இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

மிஞ்சிப்போனால் மறுநாள் அதைச் சாலட்டாகவே காப்பாற்றப் பார்ப்பது வீண். நிறம் மாறிய தழை இனித் தேறாது. மசித்து, இன்னும் கொஞ்சம் மிளகாய்த்தூள் சேர்த்து, யுஃப்கா என்ற மெல்லிய மாவுத்தாளுக்குள் பரப்பி, எண்ணெயில்லாமல் தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டெடுத்தால் நல்ல கோஸ்லெமே கிடைக்கும். கிழங்கு கோஸ்லெமேயின் பூரணத்துக்கும் பெரும்பாலும் இதே வெங்காயமும் பார்ஸ்லியும்தான் போகின்றன.